வெள்ளம் என்றால் தண்ணீர்

மற்ற ஊரார் வெள்ளம் என்றால் மேடு தேடி ஓடுவார்கள்.
எங்களுக்கு அது
குடத்தில் வருவது,
பெரும்பாலும் வராமல் இருப்பது.

மேலத்தோப்புக் கடற்கரையில்
ஐந்தடி தோண்டினால் ஈரம், ஏழடியில் உப்பு.
நான் மோட்டார் இயக்குகிறவள், வரி பிரிக்கிறவளும் நானே.
விடிகாலை நாலரைக்கு வால்வு திறப்பேன்.
முதல் பத்து நிமிடம் குழாய் காற்றைத் துப்பும்.
"காத்துக்கும் சேத்தா பிரகாசி வரி?" என்பார்
வலை தோளில் போகும் ததேயு.

வீட்டுக்கு மாதம் அறுபது ரூபாய்.
சாலையோர லாட்ஜுக்கு
பதினெட்டு அறை, மொட்டைமாடியில் மூன்று தொட்டி,
அதற்கும் அறுபது.
புறம்போக்கில் இருக்கும் மீன்காரி ரோணிக்கத்துக்கு
இணைப்பே இல்லை. வரியும் இல்லை.
லாரியில் குடம் பத்து ரூபாய், நாளைக்கு நாலு குடம்.
வரிப் புத்தகத்தின் பின்னட்டையில் கூட்டிப் பார்த்தேன்,
ஆயிரத்து இருநூறு.
குழாய் இல்லாத ஒருத்தி
இருபது வீட்டு வரி கட்டுகிறாள்.
மூன்று தடவை போட்டேன். கணக்கில் தப்பில்லை.

தேர்தல் வருடம் ஒருவர் மைக்கில் சொன்னார்,
இனி தண்ணிக்கு வரியே கிடையாது.
கை தட்டினோம். நானும்தான்.
பங்குனியில் மோட்டார் எரிந்தது.
காயில் கட்டும் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டார்.
பதினொரு நாள்.
லாரிக்காரன் குடத்தைப் பதினைந்தாக்கினான்.
இலவசத்தின் விலையை
அன்றுதான் சில்லறையாக எண்ணிக் கொடுத்தோம்.

குருசடி முற்றத்தில் கூட்டம்.
லாட்ஜ் டென்னிசன் எழுந்தார்:
"வெள்ளம் ஆண்டவரு தந்தது. அதுக்கு வெலையா?"
பின்வரிசையிலிருந்து ரோணிக்கம்:
"ஆண்டவரு மலையில தந்தாரு ஓய்.
பைப்பு போட்டுத் தரல்லியே."

இரவு பதினொன்று வரை சண்டை.
கடைசியில் மீட்டர்.
முதல் பத்தாயிரம் லிட்டருக்கு முப்பது ரூபாய்,
மேலே போகப் போக ஏறும்,
லாட்ஜுக்குத் தனி விலை,
புது இணைப்புக்குப் பன்னிரண்டு தவணை.
நியாயம் வந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கினேன்.

இரண்டாம் மாதம் சூசைமிக்கேல் பில்லோடு வந்தார்.
ஒரே கூரையில் பதினொரு பேர். மேல்படி விலை.
நிறைய வாய் இருப்பது மீட்டருக்கு
நிறையப் பணம் இருப்பதாகத் தெரிகிறது.
எனக்குப் பதில் தெரியவில்லை.
சித்திரைக் கூட்டத்தில் தலைக்கணக்கு பேச வேண்டும்
என்று அதே பின்னட்டையில் குறித்தேன்.

ரோணிக்கம் முதல் பில்லுக்கு
மடியிலிருந்து செதில் ஒட்டிய நோட்டுகளை எடுத்தாள்.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"லாரிக்காரன் ஒருநாளும் இது தரல்ல" என்றாள்.
நாலாக மடித்து,
"இனி வெள்ளம் வராட்டி
இதைக் காட்டித்தான் ஒன்னட்ட சண்டைக்கு வருவேன், கேட்டியா."

மறுநாள்
நாலு இருபதுக்கே வால்வைத் திறந்தேன்.