வெறும் இரை

முதல் இரண்டு நாள்
விஷமில்லாத இரைதான் வைக்க வேண்டும்.
பொரி, கடலை எண்ணெய், கொஞ்சம் வெல்லம்.
எலி தின்கிறதா என்று பார்த்துவிட்டு
மூன்றாம் நாள் மருந்து கலக்கவும்.
கொரடாச்சேரி உரக்கடைச் சுவரில்
நீல மையில் எழுதி ஒட்டியிருந்தது.
படித்துக்கொண்டு நின்ற என் பையில்
ஐந்து கிராம் ஃபோலிக் அமிலம்,
மஞ்சள் தூள்,
வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி.

வல்லத்தில் எங்கள் ஆய்வகம்.
ஜெனரேட்டர் ஓடினால் செல்கள் பிழைக்கும்,
உதவித்தொகை வந்தால் நான்.
ஒன்றரை வருடமாக ஒரே ஒரு முடிச்சு போடுகிறேன்.
ஒரு முனையில் கீரையில் இருக்கிற வைட்டமின்,
மறுமுனையில் கொல்லும் மருந்து,
நடுவே இரண்டு கந்தக அணு கைகோத்த கயிறு.
இறுக்கினால் உள்ளே போயும் அவிழாது.
தளர்த்தினால் வழியெல்லாம் சிந்தும்.
அது இன்னும் கண்ணாடித் தட்டைத் தாண்டவில்லை.

சினைப்பையில் பெருகுகிற அந்தச் செல்லுக்கு
அடங்காத பசி.
தோலெங்கும் வாய் முளைக்கவிட்டிருக்கிறது.
அத்தனை வாய்க்கும் ஒரே ருசி.
அந்த ருசிக்குள்
ஒளிந்துகொள்ளப் பார்க்கிறோம்.

தையல்நாயகி, குடவாசல், நாற்பத்தாறு வயது.
மருத்துவக் கல்லூரியில் கட்டில் கிடைக்காமல்
பாயில் படுத்திருந்தார்.
சம்மதப் படிவத்தோடு போனேன்.
அவர் கட்டியில் ஒரு துணுக்கு வேண்டும்,
வாய்களை எண்ண.
அவருக்குப் போகிற பொட்டலம் நான் கட்டியதல்ல,
எங்கோ பெரிய ஊரில் கட்டியது.
முதலில் மருந்துக்குப் பதில்
படத்தில் மினுங்குகிற ஒரு பொருள்தான் போகும்.

"சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஏம்மா?"
வாயெல்லாம் வெறும் வைட்டமினால் நிறைந்தால்
பொட்டலத்துக்கு இடமிருக்காது என்றேன்.
"பட்டினி போட்டுட்டுச் சோறு காட்டுறீங்க, அதுக்கு."
சிரித்தார். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.
"அப்போ முருங்கைக்கீரை?"
நான் படித்த கட்டுரை எதிலும்
முருங்கைக்கீரை இல்லை.

எங்கள் சம்பாவில் எலி விழுந்தபோது
உத்திராபதி கிட்டி வைத்தார்,
வாலுக்கு இவ்வளவு என்று கூலி.
மருந்து வைத்தால் சுலபம்தானே என்றேன்.
மூங்கில் வில்லை வளைத்தபடியே
வரப்பில் நட்ட பனைமட்டையைக் காட்டினார்.
அதன்மேல் ஆந்தை.
செத்த எலியை அதுவும் தின்னும்.
கூலி பேசிவிட்டு அடுத்த வயலுக்குப் போனார்.

அன்றிரவு தூங்கவில்லை.
சிறுநீரகத்திலும் அதே வாய்கள் உண்டு.
பசியால் அல்ல, சிக்கனத்தால்:
வீணாகப் போகிற வைட்டமினைப் பிடித்து
திரும்ப வீட்டுக்குள் எடுத்து வைக்கிற குணம்.
எங்கள் பொட்டலத்தையும்
சிந்தாமல் எடுத்து வைக்கும்.
கெட்டிக்காரத்தனமாக வாழ்கிறதற்கும்
சிலசமயம் தண்டனை உண்டு.

வெள்ளிக்கிழமை படம் வந்தது.
கருப்பில் மூன்று வெளிச்சம்.
இரண்டு எல்லோருக்கும் தெரிந்த அவரைவிதைகள்.
மூன்றாவது, அடிவயிற்றில், கோணல்மாணலாக,
யாரோ மிதித்துப்போன பூசணிப்பூ மாதிரி.
நல்ல சேதியைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

எப்படிச் சொல்வது?
இரை தின்றிருக்கிறது என்றா.
நன்றாகப் பசிக்கிறது என்றா.
"படம் நல்லா வந்திருக்குக்கா.
மருந்தை அது எடுத்துக்கும்.
திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாம்."

அவர் சுவர் பக்கம் திரும்பி
டம்ளரில் ஆறிப்போன கஞ்சியைப் பார்த்தார்.
"எனக்குச் சோறு இறங்கி நாலு நாளாச்சு.
அதுக்கு மட்டும் பசிக்குதாக்கும்."

கஞ்சியைக் கொட்டிவிட்டு
டம்ளரைக் கழுவி வைத்தேன்.
வெளியே மழை பிடித்திருந்தது.
நீடாமங்கலம் கேட்டில்
சரக்கு ரயிலுக்காக எங்கள் பேருந்து
முக்கால் மணி நேரம் நின்றது.
திங்கள் மூன்றாம் நாளா நான்காம் நாளா என்று
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.