பயனாளிகள்: 214

விண்ணப்பத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒரு கட்டம் காலியாக இருந்தது:
பயனடைவோர் எண்ணிக்கை.
எண்ணி வர என்னை அனுப்பினார்கள்.

பிப்ரவரி. கரிப்புகை படிந்த பனி.
வூட்ச் என்றால் படகு என்று பொருள்;
ஊரில் சொல்லிக்கொள்ள ஓர் ஆறு கிடையாது.
ஓடிய சிற்றாறுகளையும் ஆலைக்காரர்கள்
குழாய்க்குள் தள்ளி மேலே தெரு போட்டார்கள்.
ஆலைகளும் போன பிறகு
மிச்சம் தெருவும் பெயரும்.

பதினேழாம் எண்ணில் மூன்று படிக்கட்டுகள்.
படி திரும்பும் இடத்தில் கழிப்பறை,
நான்கு குடும்பத்துக்கு ஒன்று, ஆளுக்கொரு சாவி.

போகுமிவா சங்கிலியை எடுக்காமலே
கதவிடுக்கில் பேசினாள்:
"எத்தனை பேரா?
கரி சுமக்கும்போது ஒருத்தி.
அதிகாரி வந்தால் யாருமில்லை."

மேல்தளத்தில் காயெதான், டிராம் ஓட்டி ஓய்ந்தவர்,
கூரைப் புறாக்களையும் சேர்க்கச் சொன்னார்.
"நாற்பத்தாறு. ஒன்றுகூட
வாடகை பாக்கி வைத்ததில்லை."

ஒலெஸ்யா, கார்கிவிலிருந்து வந்தவள், இரண்டு பிள்ளைகள்,
ஒப்பந்தம் இல்லாத அறை.
"எங்களை எழுதாதீர்கள்" என்றாள்.
எழுதவில்லை.
அலுவலகம் திரும்பிய பிறகு எழுதினேன்,
பெயரில்லாமல், மூன்று என்று.
எண்ணுக்குள் ஒளிந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்
என்று நம்பினேன்.

நூற்றுக்கு எண்பத்தைந்து பிரஸ்ஸல்ஸ் தரும்.
பதினைந்து எங்கள் பங்கு.
பதினைந்துக்குக் கடன்,
கடனுக்கு ஈடு
முழுசாய் இருக்கும் இன்னொரு தெரு.

தகுதியுள்ள செலவு: ஜன்னல், வெந்நீர்க் குழாய், லிஃப்ட்,
முற்றத்தில் ஆறு லிண்டன் மரங்கள்.
தகுதியற்ற செலவு: சாமான் ஏற்றும் வண்டி,
புது ஜன்னலுக்குப் போதாத பழைய திரைச்சீலை,
புறாக்கூண்டு.

இரண்டே ஆண்டு, அதன்பின் திரும்பி வரலாம்
என்று நான் கையெழுத்திட்ட கடிதம்
வீட்டுக்கு வீடு போனது.
டிராம் முடியும் இடத்துக்கும் அப்பால்
மாற்றுக் குடியிருப்பு.
இரண்டு, நான்காயிற்று.
முதல் ஒப்பந்தக்காரர் சாரத்தை அப்படியே விட்டு
திவாலானார்.
செங்கல் விலை, போர், மறு டெண்டர்.

இப்போது கட்டிடம் பால்நிறம்.
லிஃப்ட் மணியடித்துத் திறக்கிறது.
கரிக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு காப்பிக்கடை.
புது வாடகைக்குத் திரும்பியவர்கள் அறுபத்தொன்று.

இறுதி அறிக்கையிலும் அதே கட்டம்.
எங்கள் இயக்குநர் ரடோஸ்வாவ் கண்ணாடியைத் துடைத்தார்:
"இலக்கு குறைந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.
முற்றத்தைக் கடந்து போகிறவன்
பயனாளி இல்லையா, என்ன?"

அதனால் வாயிலில் நிற்கிறேன்,
கையில் ஒரு எண்ணும் பொத்தான்.
தபால்காரர். டக்.
சாப்பாடு கொண்டுவந்து விலாசம் தேடும் பையன். டக்.
படமெடுக்க வந்த மணமக்கள். டக், டக்.
அவர்களின் புகைப்படக்காரருக்கும்
ஒரு கணம் யோசித்து, டக்.

நான்கு மணிவாக்கில் போகுமிவா வந்தாள்,
இரண்டு டிராம் மாறி.
குடியிருக்க இல்லை.
கழிப்பறைச் சாவி தன்னிடமே தங்கிவிட்டதாம்,
யாரிடம் ஒப்படைப்பது?
கழிப்பறை இருந்த இடத்தில்
லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.
அதற்கு ரசீது கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

லிண்டன் ஒன்றின் ஒல்லித் தண்டை
இரு விரலால் அளந்து பார்த்தாள்.
கூரையைப் பார்த்தாள்.
காயெதான் போன வருடமே இறந்துவிட்டார்.
புறாக்கள் மட்டும், ஏழோ எட்டோ,
யாரிடமும் கேட்காமல் திரும்பியிருந்தன.

வாயிலில் என் கையைக் கவனித்துவிட்டாள்.
"வந்தபோது அழுத்தினாயா?"
"ஆமாம்."
"போகும்போதும் அழுத்து" என்றாள்.
"வந்தவள் ஒருத்தி.
இவள் இன்னொருத்தி."

டக்.
இருநூற்று ஒன்பது.
இருட்ட இன்னும் அரை மணி இருந்தது.