ஊக்கு

ரத்தப் பாட்டில் கூவியது விடிகாலை நாலு பத்துக்கு.
கருவி எழுதிய பெயர் சூடோமோனாஸ்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கருவிக்கும் சந்தேகம் வரும் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மதுரை பெரியாஸ்பத்திரி, தரைப் படுக்கை.
சேவுகன், ஐம்பத்திரண்டு, வெள்ளலூர்.
சர்க்கரை முந்நூற்று எண்பது.
பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்த வாரம்
நடவுக்கு இறங்கியவர்
காய்ச்சலோடு கரையேறினார்.
மேலூரில் டைபாய்டு என்றார்கள்.
நெஞ்சுப் படம் பார்த்த இன்னொருவர் டி.பி. என்றார்.
நாலு மாதம் மாத்திரை.
சிறுநீர் சிவந்ததுதான் மிச்சம்.

ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து
தீயில் காட்டி
ஊதா, அயோடின், ஸ்பிரிட், சிவப்பு,
குழாயில் கழுவி லென்ஸுக்கடியில் வைத்தேன்.
இரு முனையும் சாயமேறி
நடுவயிறு வெளிறிய குச்சிகள்.
ஊக்குகள்.
என் தாலிச் சங்கிலியில் தொங்குகிறதே,
அதே மூடிய ஊக்கு.

"மூணு நாள் வை" என்றார் நஸ்ரத் டாக்டர்.
"மூடியைத் திறந்து மோந்து மட்டும் பார்த்துராத."
முதல்மழை மண்ணின் வாசம் அடிக்குமாம்.
கேபினெட் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் மூக்கு மட்டும் சும்மா இருக்கவில்லை.

முதல் நாள் ஊசிமுனை.
இரண்டாம் நாள் ரேஷன் குருணை.
மூன்றாம் நாள் தட்டு முழுக்க
சுண்டைவற்றல் போலச் சுருங்கிய தோல்.
ஜென்டாமைசின் வட்டின் விளிம்பு வரை
வரப்பில்லாத வயலாய் முளைத்திருந்தது.
கடைசிக் கையிருப்பென்று பூட்டி வைக்கிறோமே கோலிஸ்டின்,
அதையும் மதிக்கவில்லை.
செஃப்டசிடிமைச் சுற்றி மட்டும்
ஒரு வெறும் வட்டம்.
ஸ்கேல் வைத்து அளந்தேன். இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
திரும்பவும் அளந்தேன்.

மெலியாய்டோசிஸ்.
மெலி என்று தொடங்கும் பெயர்.
தரையில் கிடந்த உடம்பைப் பார்த்தால்
தமிழ் தெரிந்த யாரோ வைத்தது போலிருந்தது.

வார்டில் போனை யாரும் எடுக்கவில்லை.
சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு
லிப்டுக்கு நிற்காமல் படியில் ஓடினேன்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி.
எட்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை.
மருந்தை மாற்றலாமா என்று கேட்டார்கள்.
பொறுங்கள் என்றார் நஸ்ரத்.
அவர் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை.
ஒன்பதாம் நாள் காலை
இட்லி கேட்டாராம் சேவுகன்.
கெட்டிச் சட்னியும்.

மூன்று மாத மாத்திரையில் இரண்டாம் மாதம்
பரிசோதனைக்கூட ஜன்னலில் வந்து நின்றார்.
"மண்ணுலயா இருந்துச்சு?"
"ஆமாய்யா."
"எந்த மண்ணு? கம்மாய்க்கு மேக்கயா, கெழக்கயா?"
அதற்கு என்னிடம் சோதனை இல்லை.
பூட்ஸ் போட்டு இறங்குங்கள் என்றேன்.
"சேத்துல பூட்ஸப் போட்டா
கால உருவ இன்னொரு ஆளு வேணும்த்தா."
சிரித்தபடி போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான்
பழைய பதிவேட்டை எடுத்தேன்.
தூசி தட்டி, ஐப்பசிப் பக்கங்கள்.
ராக்காயி, நாற்பத்தேழு, கொட்டாம்பட்டி.
சர்க்கரை உண்டு.
ரத்தத்தில் வளர்ந்தது: சூடோமோனாஸ் வகை.
அடுத்த கட்டத்தில் என் கையெழுத்து,
அவசரத்திலும் அழகான கையெழுத்து:
"மாசு. திரும்ப அனுப்பவும்."
அதற்குக் கீழே
இந்தப் பெயரில் வேறு வரி இல்லை.
திரும்ப எதுவும் வரவில்லை.

தட்டை அன்றே கொதிகலனில் கொன்றிருப்பேன்.
மூன்றாம் நாள் அதற்கு எங்கே.

சங்கிலியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி
அந்தப் பக்கத்தில் குத்தி வைத்தேன்.

அன்று சாயங்காலம் கோரிப்பாளையத்தில்
பஸ் ஏறும்போது
முந்தானை மடிப்பு நழுவியது.
பழக்கத்தில் கை
கழுத்துக்குப் போய்த் தேடியது.