கடலிடம் சின்ன சைஸ் இல்லை

சுங்கை பட்டாணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்.
இதற்கு விடுமுறை என்று பெயர் வைக்க
நான்கு மாதம் ஓவர்டைம் பார்த்தார் குணாளன்.

பத்து ஃபெரிங்கியில் அறை.
இரண்டு கட்டில், நான்கு துண்டு,
கார் நிறுத்தத்தைப் பார்க்கும் சன்னல்.
கடலைப் பார்க்கும் சன்னலுக்கு எண்பது வெள்ளி அதிகமாம்.
"வெளியே போனால் சும்மாவே தெரியுமே" என்றேன்.
சாவி கொடுத்த பெண் சிரித்துவிட்டாள்.

மணலில் ஒரு மஞ்சள் பலகை.
இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிய லோஷினி
ஆ... வாஸ்... ஓ... போர்... ஓ... போர்... என்று
கடற்கரை முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.
எச்சரிக்கை. ஜெல்லி மீன்.
ஐந்து வாரமாக நீச்சல் உடையோடு
சோபாவிலிருந்து குதித்துப் பழகியவள்
பலகையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை.
படிக்கக் கற்றிருக்கவே வேண்டாம் என்று தோன்றியிருக்கும்.

"கணுக்கால் வரைதான், சரியா?"
"சரி" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

பாயை விரித்ததும் தூங்கிப்போனார் குணாளன்.
ஃபேக்டரிக் கணக்கில் அவருக்கு இது நடுச்சாமம்.
பிள்ளைகள் அவரை இடுப்புவரை புதைத்தார்கள்.
யுவினேஷ் வாளி வாளியாய் நீர் ஊற்றினான்.
"அப்பா முளைக்க எத்தன நாள் ஆகும்மா?"

பிறகுதான் அந்த அலை.
பெரிதொன்றுமில்லை.
காரியத்தில் கண்ணாக வந்து
அவனுடைய இடது செருப்பை மட்டும்,
டைனோசர் போட்ட அந்தப் பச்சைச் செருப்பை,
எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனது.

அழுவான் என்று பையில் பிஸ்கட்டைத் துழாவினேன்.
அழவில்லை.
கையை நீட்டியபடி நின்றான்,
மீதிச் சில்லறைக்கு நிற்பவன்போல.

ஒரு தேங்காய் மட்டை வந்தது.
நசுங்கிய மைலோ பெட்டி வந்தது.
தலைக்கு மேல் பாராசூட்டில் யாரோ ஒருவர்
அலறிக்கொண்டே போனார்.
நான் துண்டை உதறி மடித்தேன்,
மடித்ததை மறுபடி உதறினேன்.
"கெளம்பலாம்டா, வேற வாங்கிக்கலாம்."
"இரும்மா. தேடிட்டு இருக்கு."

வெயில் சாய்ந்த பிறகு
பெரிய ஆளுடைய நீல ஜப்பான் சிலிப்பர் ஒன்று,
வாரில் சிப்பி ஒட்டி,
அவன் காலடியில் வந்து நின்றது.
அதுவும் வலது கால்.

"தேங்க் யூ" என்றான் கடலிடம்.
"இது உன்னோடது இல்லடா."
"தெரியும். அதுகிட்ட சின்ன சைஸ் இல்ல."

அப்போதுதான் பார்த்தேன்,
என் சுடிதார் தொடைவரை நனைந்திருந்தது.
எப்போது இறங்கினேன்?
பக்கத்தில் லோஷினி,
என்னைவிட ஓரடி கரைக்கு அருகில்,
இடுப்பில் கை வைத்துக்கொண்டு,
"அம்மா, பலகைய படிக்கலையா?"

மறுநாள் ராத்திரி, பாலத்தின் நடுவில்,
பின் இருக்கையில் இரண்டும் வாய் திறந்து தூங்க,
"காருக்குள்ள என்ன இப்படி நாறுது?" என்றார் குணாளன்.
நான் சன்னலை இறக்கினேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கடக்கையில்
அவர் காது மடிப்பில் மின்னிற்று
இன்னும் உதறாத மணல்.