ஒரு புள்ளி பின்னால்

அட்டவணைப்படி எட்டு மணிக்கு.
மின்சாரம் வந்தது எட்டேகாலுக்கு.
சாட்ஸ்வொர்த் ஐந்தாம் யூனிட் முழுக்க
நாய்கள் குரைத்தன, ஃப்ரிட்ஜ்கள் முனகின,
காரேஜில் என் சர்வர்
தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது.

பத்து மணிக்கு அடுத்த வெட்டு.
அதற்குள் எல்லோரும் உள்ளே வந்தாக வேண்டும்.
வெள்ளிக்கிழமைக்கு இருப்பது அவ்வளவுதான்.

வந்தவன் பிரகாசன் மட்டும்.
மற்றவர்களுக்குக் கதவில் ஒரே வாசகம்:
பதிப்பு பொருந்தவில்லை.
சர்வரில் பத்து புள்ளி நான்கு.
உன்னிடம் பத்து புள்ளி மூன்று.

எந்த ஊரோ, யாரோ,
தூக்கம் வராத ஓர் இரவில்
மரக்கட்டை மோடில் கை வைத்திருக்கிறார்.
குறிப்பில் இரண்டே வரி:
ஆடுகள் இனி வேலி தாண்டா.
புன்னை மரம் சேர்க்கப்பட்டது.
ஆடுகளை உள்ளே வைக்கப் போய்
நான்கு பேர் வேலிக்கு வெளியே.

டோங்காட்டிலிருந்து லோஷினி கேட்டாள்: எந்த ஃபோல்டர்?
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து யுகேந்திரன்:
நான் எதையுமே தொடலை.
(தொடாததுதான் அவன் செய்த தப்பு.)
ஃபீனிக்ஸில் தேவராஜுக்குக்
குரங்கு கேபிளைக் கடித்துவிட்டதாம்.
யாரும் சிரிக்கவில்லை.
போன மாதம் எங்கள் தெருவிலும் கடித்தது.
லோஷினி: பழசை அழிக்கணுமா?
அழி என்றேன்.
அவள் ஃபோல்டரையே அழித்தாள்.

நாகன் எதுவும் சொல்லவில்லை.
அவன் பெட்ரோல் பங்கில் மாலை ஷிஃப்ட்.
போன் டேட்டாவில் லேப்டாப்பைக் கட்டி இழுப்பவன்,
எம்பி எம்பியாக எண்ணிச் செலவழிப்பவன்.
புதிய மோட் இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி.
அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கேட்காமலே முடிவெடுத்தோம்,
சர்வரைக் கீழே இறக்குவதென்று.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
தானாகப் புதுப்பிக்கலாமா என்ற கட்டத்தில்
டிக் போட்டவள் நான்தான்.
ஞாயிறன்று, தேநீர் கொதிக்கும் நேரத்தில்,
படிக்காமல்.
அன்றிலிருந்து நானும் பிரகாசனும்
மற்றவர்களுக்குத் தெரியாமல்
ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினோம்,
முழுக்க முழுக்கப் புன்னைப் பலகையில்.
வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

பழைய பதிப்புக்குப் புன்னை என்றால் என்னவென்று தெரியாது.
தெரியாததை அது
இல்லை என்று எழுதிக்கொள்ளும்.
நாற்பத்தேழு பலகை, எட்டுத் தூண், இரண்டு விளக்கு.
விளக்குகள் மட்டும் மிஞ்சின,
தாங்க ஒன்றுமில்லாமல்.
பாலத்தின் நடுவில் நின்ற ஆடு
ஒரு கணம் காற்றில் நின்றது.
பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல,
விழத் தொடங்கியது.

ஒன்பதே முக்கால்.
லோஷினி வந்தாள். யுகேந்திரன் வந்தான்.
தேவராஜ் பக்கத்து வீட்டு வைஃபையில்
விட்டு விட்டு வந்தான்.

நாகன் கதவைத் தட்டினான்.
பதிப்பு பொருந்தவில்லை.
சர்வரில் பத்து புள்ளி மூன்று.
உன்னிடம் பத்து புள்ளி நான்கு.

மத்தியானமே ஏத்திட்டேன், என்று எழுதினான்.
உங்களுக்காக ரெண்டு பண்டில் வாங்கினேன்.
மேலே வந்து நிக்கிறேன்.
நீங்க எல்லாம் எங்கே?

நான் பதில் அடித்தேன், அழித்தேன்.
அடித்தேன்.
ஞாயிற்றுக்கிழமைப் பிரதியைத் தேடினேன்.
ஐம்பத்து மூன்று சதவீதம்,
ஐம்பத்து நான்கு,

பத்து மணி.
வெட்டு மட்டும் நம்மூரில்
ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை.

இருட்டில் போன்கள் ஆறு.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
தேவராஜின் பின்னால் எங்கோ ஒரு ஜெனரேட்டர்.
பிறகு லோஷினி:
இப்போ நான் எதை அழிக்கணும்?

அந்த ஆடு என்ன ஆச்சு, என்றான் பிரகாசன்.

சேமிக்குமுன் போய்விட்டது கரண்ட்.
விழுந்ததா, இன்னும் அங்கேயே நிற்கிறதா,
பன்னிரண்டுக்கு விளக்கு வந்தால்தான் தெரியும்.

என்ன ஆடு, என்றான் நாகன்.