ஒரு கட்டு மூச்சு

முக்கூடலில் நாலு மணிக்குக் குழாய்த் தண்ணீர்.
மூன்றரைக்கே எழுந்துவிடுகிறேன்.
அந்த அரை மணி நேரம் யாருக்கும் கடனில்லை.

சுவரில் சாய்வதில்லை.
சாய்ந்தால் உறங்கிப்போவீங்க என்று
எமரென்சியா நர்சம்மா சொல்லியிருக்கிறாள்.
மடியில் சுளகு இல்லாமல் உட்கார்ந்த முதல் நாள்
தொடை இரண்டும் ஆளில்லாத வீடு மாதிரிக் கிடந்தன.
விரல் தன்பாட்டுக்குச் சுருட்டப் பார்த்தது,
காற்றைச் சுருட்டி
காற்றின் தலையை மடக்கி.

மூச்சை எண்ணுங்கக்கா என்றாள்.
எண்ணவா எனக்குச் சொல்லித்தரணும்?
பதினாலு வயசிலிருந்து எண்ணித் தேய்ந்த கை.
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு.
நாற்பது கட்டு ஆயிரம்.
ஆயிரத்துக்குக் கூலி,
கணக்கப்பிள்ளை கழித்தது போக.

அதனால் மூச்சையும் கட்டுக் கட்டாகவே போட்டேன்.
பதினொன்றில்
குழுத் தவணை வந்து குறுக்கே நிற்கும்.
பதினாறில்
திருப்பூரிலிருந்து மூத்தவன் பேசாத ஞாயிற்றுக்கிழமை.
எண்ணிக்கை தப்பும்.
திரும்ப ஒன்றிலிருந்து.
தப்பியதற்குக் கூலி பிடிக்க ஆளில்லை என்பது
புரியவே ஒரு மாசம் ஆனது.

முதலில் தாடை.
இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டே
இலை வெட்டியிருக்கிறேன் என்பது
கடி விட்ட அன்றுதான் தெரிந்தது.
காதுக்குக் கீழே என்னவோ அவிழ்ந்தது.
அன்றைக்குப் பழைய சோறு லேசாக இனித்தது.

பிறகு தோள்.
ஜாக்கெட் தைக்கிற லூர்தம்மாள் அளவெடுத்துவிட்டு
நாடாவை மறுபடி வைத்துப் பார்த்தாள்.
'உனக்குக் கழுத்து இருந்திருக்கு, பேச்சித்தாயி.'

ஆனிச் சாரல் அடித்த ஒரு ராத்திரி
இரண்டு மணிக்கு நெஞ்செரிந்து எழும்பவில்லை.
எழும்பவில்லை என்பதே
விடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டு வேலம்மை கேட்டாள்,
கண்ணை மூடிக்கிட்டு இருக்கியே, சாமி வருதாட்டி?
சாமி வரலை.
ரத்தம் போறதும் வாரதும் கேக்கு.
ராத்திரிச் சத்தமில்லாத ஆறு மாதிரி,
அது ஓடுதுன்னு காதுக்குத் தெரியாது,
காலுக்குத் தெரியும்லா, அப்படி.

சித்திரையில் நூற்று அறுபத்தெட்டு.
கையில் பட்டையைச் சுற்றி
புஸ் புஸ்ஸென்று அமுக்கிய நர்சம்மா
அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஐப்பசியில் நூற்று நாற்பத்திரண்டு.
நம்பாமல் இன்னொரு தரம் அமுக்கினாள்.
நூற்று நாற்பது.
மாத்திரையை விட்டுரலாமா என்றேன்.
விட்டீங்க, வீட்டுக்கு வந்து ஏசுவேன் என்றாள்.
விடவில்லை. காலையில் ஒன்று,
இட்லிக்கு அப்புறம்.

இருமல் போகவில்லை.
கண்ணை மூடினாலும் தூளின் நெடி மூக்கை விடுவதில்லை.
ஹைகிரவுண்டில் எடுத்த நெஞ்சுப் படத்தில்
மேகம் மாதிரி ஒன்று அப்படியே இருக்கிறது.
மூச்சை எண்ணலாம்.
அது போய்வருகிற வீட்டை
என்னால் பெருக்க முடியாது.

சில விடியலில் எண்ணிக்கை தப்புவதுமில்லை,
தொடர்வதுமில்லை.
எண்ணுகிறவளைக் காணோம்.
பொதிகைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று
கதவிடுக்கு வழியே நுழைந்து
எனக்குள்ளும் போய்
வெளியே வரும்.
அப்போது பார்த்து வேலம்மை கத்துவாள்,
ஏட்டி, குடம் வழியுது.

நேற்று கணக்கப்பிள்ளை மூன்று கட்டைக் கழித்துப் போட்டான்.
முன்பென்றால் காதுக்குள் உலக்கை இடிக்கும்,
நாக்கு ஒட்டிக்கொள்ளும்,
வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன்.
நேற்றும் இடித்தது.
எட்டு மூச்சு போட்டேன், அடங்கியது.
குரல் நடுங்காமல் கேட்டேன்,
எந்த பீடி சரியில்லை, பிரிச்சுக் காட்டும்.

பிரித்தான். புரட்டினான்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.
இரண்டு கட்டு திரும்பி வந்தது.