நாற்பது கிராம்

பரமட்டா கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.
ஒரே சாம்பல் நிறம், ஒரே பதின்மூன்று அங்குலம்.
முதலாவது நாற்பது கிராம் குறைவு,
அதற்குத் தொண்ணூறு டாலர் கூட
என்கிறான் டெவிட்டா.

நாற்பது கிராம்.
என் சாவிக்கொத்தே அதைவிடக் கனம்.

கைக்கொன்றாகத் தூக்கிப் பார்க்கிறேன்,
தராசு முள் எந்தப் பக்கமும் சாயவில்லை.
காலை ஆறு ஐம்பத்திரண்டு ரயிலில்
வெண்ட்வொர்த்வில் தொடங்கி சென்ட்ரல் வரை
ஊரார் சம்பளக் கணக்கை மடியில் விரிப்பவள் நான்.
மாலைவரை சாகாத பேட்டரி வேண்டும்,
ழகரத்துக்குத் திணறாத விசைகள் வேண்டும்.
வேறென்ன?

முதலாவதில் பெயரைத் தட்டினேன்: யாழரசி.
வந்தது.

இரண்டாவதில் யாரோ தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்,
ஆங்கிலத்தில், பாதியில்:
மதிப்புக்குரிய மேலாளருக்கு,
வருகிற வெள்ளிக்கிழமையோடு நான்

அழிக்கக் கை நீட்டினான் டெவிட்டா.
பொறு தம்பி, என்றேன் தமிழில்.
என்ன புரிந்ததோ, நின்றுவிட்டான்.
அந்த 'நான்' பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

கனமானதையே கேட்டேன்.
மேசைமேல் இருந்ததை அல்ல,
பெட்டி பிரிக்காத ஒன்றை,
உள்ளே யாரும் எதுவும் தொடங்கியிராததை.

தொண்ணூறு டாலர் மிச்சம் என்று
வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.